கரண்ட் அடுப்பும் நம் கொழும்புப் பிள்ளைகளும்

சம்பள உயர்வு, சேமலாப நிதி, ஏழு பேர்ச் காணி என்று நமக்குப் பேச ஆயிரம் இருக்கையில், சங்கப் பத்திரிகையில் கரண்ட் அடுப்புக்கு எதற்கு இடம் என்று சில தோட்டத் தலைவர்மார் கேட்கக்கூடும். அவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் லயத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்போது கொழும்பில் இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதாது. வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் ஒருவன், கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில் ஒருவன், புறக்கோட்டை மொத்தக் கடையில் இருவர், காலி வீதியோரத்து மாடி வீட்டில் சமையல் வேலைக்கு ஓர் அக்கா. அவர்கள் சந்தா கட்டாமல் இருக்கலாம். அவர்களுடைய அம்மாமார் கட்டுகிறார்கள். தீபாவளிக்கு வந்து போகும் அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே படுக்கிறார்கள், எதில் சோறாக்குகிறார்கள் என்பதும் சங்கத்தின் விஷயம்தான்.

அவர்கள் எதில் சோறாக்குகிறார்கள் என்பதற்கு விடை கரண்ட் அடுப்பு. 2021 கடைசியில் காஸ் சிலிண்டரும் காஸ் அடுப்பும் வெடித்த செய்திகள் வந்ததிலிருந்து இது தொடங்கியது. அடுத்த ஆண்டு காஸே இல்லாமல் போனது. வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வீதியை மறித்த சனத்தை நாடே பார்த்தது. 2022 ஏப்ரல் இறுதியில் 12.5 கிலோ சிலிண்டர் 4860 ரூபாய்க்குப் போனது. தோட்டத்தில் நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் கொழுந்து! நாம் மலையில் விறகைத் தேடினோம். கொழும்பில் விறகுக்கு எங்கே போவது? அறையில் இருந்த பிள்ளைகள் ஹொட் பிளேட்டும் இன்டக்‌ஷன் அடுப்பும் வாங்கினார்கள். பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது அதுவும் தூங்கியது, அது வேறு கதை. காஸ் திரும்பி வந்த பிறகும் அடுப்பு அறையை விட்டுப் போகவில்லை. சிலிண்டருக்கு மொத்தமாக ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க முடியாதவனுக்கு, மாதக் கடைசியில் வரும் கரண்ட் பில் ஒரு மாதிரியான கடன் அல்லவா?

அடுப்பில் பிழை இல்லை. அது தொங்குகிற வயரில்தான் பிழை.

கொட்டாஞ்சேனையில் நம் பிள்ளைகள் இருக்கும் அறைகளுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பழைய வீடுகள் ஒரு குடும்பத்துக்குக் கட்டப்பட்டவை. நடுக்கூடத்தைப் பலகை அடித்துப் பிரித்து நான்கு அறை, ஐந்து அறை ஆக்கியிருக்கிறார்கள். அறை ஐந்தானது, வயரிங் ஒன்றாகவே இருக்கிறது. முன்பு ஒரு பல்பும் ஒரு மின்விசிறியும் ஓடிய லைட் லைனிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு வால் இழுத்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அந்த வாலில் ஒரு சொக்கட். அந்தச் சொக்கட்டில் ஒரு மல்டி பிளக். அதில் போன் சார்ஜர், ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, கடைசியில் அடுப்பு. சில அறைகளில் சொக்கட்டே இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அடாப்டர் மாட்டி, இருட்டில் சோறாக்குகிறார்கள்.

புது வீட்டுக்கு மின்சார சபையிடம் இணைப்புக் கேட்டால் பட்டயப் பொறியியலாளரின் சோதனை அறிக்கை கொடுக்க வேண்டும். அது நல்ல நடைமுறை. ஆனால் இணைப்புக் கிடைத்த பிறகு முப்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் எத்தனை பலகை அடித்தார்கள், எத்தனை வால் இழுத்தார்கள் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை.

இதற்கு மேல் ஒரு தடை உத்தரவும் இருக்கிறது. 'அறையில் கரண்ட் அடுப்புப் பாவிக்கக் கூடாது' என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் முறையில், ஐந்து அறைக்கும் ஒரே மீற்றர் என்றால் பில் எகிறத்தான் செய்யும். ஆனால் தடையால் என்ன நடக்கிறது? பிள்ளை சமைப்பதை நிறுத்துவதில்லை. மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் வீட்டுக்கு அனுப்பக் காசு மிஞ்சாது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறான். வீட்டுக்காரர் வந்தால் சூட்டோடு அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறான். பாய், தலையணை, உலரப்போட்ட சாரம், பலகைச் சுவர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் வாசம் வெளியே போய்விடும் என்று ஜன்னலும் பூட்டு. தடை உத்தரவு அடுப்பை ஒழிக்கவில்லை, ஒளித்து வைத்திருக்கிறது. ஒளித்து வைத்த நெருப்பை விட ஆபத்தானது எது?

இனி கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இருப்பதுதான், பரீட்சைக்கு எழுதி மறந்திருப்பீர்கள். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அடுப்பின் அடியில் ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் அது எத்தனை அம்பியர் இழுக்கும் என்பது வரும். 1500 வாட் ஹொட் பிளேட் 6.5 அம்பியர். 2000 வாட் இன்டக்‌ஷன் ஏறத்தாழ 9 அம்பியர். பழைய வீடுகளில் இருக்கும் சின்ன வட்ட ஊசிச் சொக்கட் 5 அம்பியருக்கானது, அதாவது 1150 வாட் வரைதான். சதுர ஊசி 13 அம்பியர்ச் சொக்கட் ஏறத்தாழ 3000 வாட் தாங்கும். ஆகவே ஒற்றை அடுப்புக்கு உரிய இடம் சதுர ஊசிச் சொக்கட். அதுவும் நேரே சுவரில் இருப்பது.

மல்டி பிளக்கின் பெட்டியில் 13 அம்பியர் என்று அச்சடித்திருக்கிறதே என்பார்கள். அந்தப் பெட்டியிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 6 அம்பியர் வரைதான் சுமக்கும். நடைபாதையில் விற்கும் சிலவற்றில் அதைவிட மெல்லியது இருக்கும். கம்பியில் பிறக்கும் சூடு, கரண்ட் இரட்டித்தால் நான்கு மடங்காகும். மூன்று அறைக்காரர்கள் மாலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் 1500 வாட் அடுப்பைப் போட்டால், லைட்டுக்கென்று இழுத்த 1/1.13 வயரில் 19 அம்பியருக்கு மேல் ஓடும். அது அதற்கான வயரே அல்ல. சுவருக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதலில் இளகுவது முறுக்கி டேப் சுற்றிய அந்த இணைப்புத்தான். சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, பிடி தளர்கிறது. பிடி தளர்ந்த இடம் இன்னும் சூடாகிறது.

'பியூஸ் போகவில்லை, அப்படியானால் சரிதானே' என்பது அடுத்த நம்பிக்கை. 5 அம்பியர் பியூஸ் கம்பி ஆறு ஏழு அம்பியரில் உடனே உருகிப்போகாது, மணிக்கணக்கில் பொறுத்திருக்கும். அதற்குள் பழைய வயரின் உறை காய்ந்து நொறுங்கிவிடும். பியூஸ் போன வீடுகளிலோ இன்னொரு வேடிக்கை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் உருகக்கூடியது வயர் மட்டும்தான்.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் பயமில்லை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை வேறு. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று அது பார்க்கிறது. நடுவில் 30 மில்லி அம்பியர் காணாமல் போனால், அதாவது யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்கு ஓடினால், கணத்தில் அணைத்துவிடும். அது உயிர் காக்கும் பொருள், கட்டாயம் வேண்டும். ஆனால் வயர் தாங்க முடியாத சுமை ஓடும்போது போனது அப்படியே திரும்பி வருகிறது. ட்ரிப் சுவிட்ச் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சுமையைப் பார்ப்பது ஒவ்வொரு லைனுக்கும் உரிய சின்னப் பிரேக்கரின் வேலை. இரண்டும் வேண்டும். ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறதே, அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவர் அலங்காரம்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. சதுர ஊசிப் பிளக்கில் மேலே நீளமாக இருக்கும் மூன்றாவது ஊசி எதற்கு என்று வகுப்பில் கேட்டால், 'சொக்கட்டின் வாயைத் திறக்க' என்று பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் அவர்கள் வீட்டில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இரண்டு ஊசிப் பிளக்கைச் செருக, மேல் துளையில் பேனா மூடியையோ தீக்குச்சியையோ குத்தித் திறப்பது நம்மிடையே பெரிய கைப்பழக்கம். போன் சார்ஜருக்கு அது பாதகமில்லாமல் போகலாம். இரும்பு உடம்புள்ள அடுப்புக்கு எர்த் இல்லையென்றால், உள்ளே சுருள் கம்பி விலகி உடம்பைத் தொட்ட அன்று அடுப்பு முழுவதும் 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதன்மேல் அலுமினியச் சட்டியை வைக்கிறார். (அலுமினியச் சட்டி இன்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது என்பதை அடுப்பை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டவர்கள் நம்மில் பலர்.) வயர் நிறத்தையும் நினைவில் வையுங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இரண்டும் கலந்து கிடக்கும் வீட்டில் நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

வெள்ளவத்தைக் கதை சற்று வேறு. அங்கே அறைகளும் உண்டு, கடைகளுக்கு மேலே முதலாளிமார் கொடுக்கும் தங்குமிடங்களும் உண்டு, அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் நம் பெண்களும் உண்டு. அந்த வீடுகளில் நாலு தட்டும் அவணும் சேர்ந்த பெரிய குக்கர் இருக்கும். ஏழாயிரம் வாட் குக்கர் முழுமையாக எரியும்போது 30 அம்பியர் இழுக்கும். சாதாரண வீட்டுக்கு மின்சார சபை கொடுக்கும் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும். இதைச் சொக்கட்டில் செருகவே கூடாது. மெயின் போர்டிலிருந்து நேராக, 6 சதுர மில்லிமீற்றர் (கடையில் 7/1.04 என்று கேட்க வேண்டும்) வயரில், தனி 32 அம்பியர் பிரேக்கரோடு வர வேண்டும். அணைக்கும் சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அடுப்புக்கு நேர் மேலே அல்ல. எண்ணெய் பற்றி எரியும்போது நெருப்புக்கு மேலால் கை நீட்டி யாரால் சுவிட்சை அணைக்க முடியும்? கடற்கரை ஓரம் என்பதால் உப்புக் காற்று ஏறிச் சொக்கட்டுக்குள் இருக்கும் பித்தளையும் திருகும் பச்சை பூக்கும். இரண்டு வருடத்துக்கொருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டிய ஊர் அது.

ஒரு வீட்டில் வேலை செய்யும் நம் சகோதரி சொன்னதை எழுதியே ஆகவேண்டும். அடுப்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாராம். 'செருப்புப் போட்டுக்கொண்டு சமை' என்று ஒரு சோடி றப்பர்ச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்களாம். கெட்ட எண்ணம் என்று நாம் சொல்லவில்லை. செருப்பு வாங்கித் தந்தவர் அன்பாகத்தான் தந்திருப்பார். ஆனால் அந்தச் 'சுர்' என்பது எர்த் அறுந்துவிட்டது என்று அடுப்பு தரும் அறிவிப்பு. செருப்பு அந்த அறிவிப்பின் வாயை அடைக்கிறது, பழுது அப்படியே இருக்கிறது. அக்கா ஒருநாள் செருப்பில்லாமல் நிற்பார், அல்லது மற்றக் கையால் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பார். கடை ஊழியர்களுக்காவது 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளச் சபை கூட இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் இலக்க உடன்படிக்கையைச் சர்வதேச தொழில் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. இலங்கை அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. சட்டம் வரும்வரை அடுப்பு காத்திருக்குமா? வேலைக்குச் சேரும் முதல் நாளே மெயின் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள் என்று நம் பெண்களுக்குச் சொல்கிறோம். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

பழுது வரும் முன்பே அடையாளம் தெரியும். பிளக்கைக் கழற்றும்போது ஊசி கைபொறுக்காத சூடாக இருந்தால், சொக்கட்டின் துளையோரம் பழுப்பேறியிருந்தால், அடுப்பைப் போட்டதும் பல்பு மங்கித் துடித்தால், உடனே நிறுத்துங்கள். இன்னொன்று வாசம். சொக்கட்டின் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் கெட்ட வாசம் போல வரும். கொட்டாஞ்சேனையில் கருவாட்டு மணத்தோடு வாழ்பவர்களுக்கு அதைப் பிரித்தறிவது கஷ்டம்தான். ஆனாலும் மூக்கை நம்புங்கள். தீப் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மெயினை அணையுங்கள். எண்ணெய்ச் சட்டி என்றால் மூடியால் மூடுங்கள். கரண்ட் பிடித்தவரைக் கையால் இழுக்க வேண்டாம், முதலில் மெயின், அது எட்டாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். சுட்ட இடத்தில் பற்பசை பூசாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். கொழும்புத் தீயணைப்புப் படை 110, அம்புலன்ஸ் 1990, மின்சார சபை 1987.

அறைகள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொட்டாஞ்சேனைக்கு அப்பால் தொட்டலங்க கஜிமாவத்தையில் ஓர் இரவில் பற்றிய தீ, ஒட்டி ஒட்டி நின்ற பலகை வீடுகளை வரிசையாகத் தின்றது. ஒரு வீட்டின் நெருப்பு ஒரு வீட்டோடு நிற்காது என்பது லயத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமா? 'மின் ஒழுக்கு காரணமாக லயன் குடியிருப்பில் தீ' என்ற தலைப்பை நாம் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஒரு காம்பராவில் பற்றினால் கூரை மரம் வழியாகக் கடைசிக் காம்பரா வரைக்கும் போகிறது. இலக்சபானையிலும் கெனியனிலும் மேல் கொத்மலையிலும் நம் மலையில் விழுகிற தண்ணீரில் எடுத்த கரண்ட் கொழும்பு வரை போகிறது. நம் பிள்ளைகளும் அதே வழியாக இறங்கிப் போகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு முறுக்கிய வயராக இருப்பதை நாம் ஏற்க முடியாது.

என்ன கேட்பது? பெரிதாக ஒன்றுமில்லை. அறை வாடகைக்கு விடுபவர் ஒவ்வோர் அறைக்கும் மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் (7/0.67) வயரில் ஒரு 13 அம்பியர்ச் சொக்கட், அதற்கென்று ஒரு பிரேக்கர், வீடு முழுவதற்கும் ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டுத் தர வேண்டும். வயரில் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்க வேண்டும். வேலையைத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னியலாளர் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரருக்கு இது தாங்க முடியாத செலவல்ல. பில் கூடுகிறது என்றால் அறைக்கு ஒரு துணை மீற்றர் பொருத்தி, மின்சார சபையின் பில்லைக் காட்டி, பங்கைக் கேட்கட்டும். நம் பிள்ளைகள் கொடுக்கத் தயார். ஒளித்துச் சமைப்பதைவிட அது இருவருக்கும் மலிவு. வீட்டின் இணைப்பு 15 அம்பியர் மட்டும் என்றால் மொத்தமே 3450 வாட்தான். அப்படியான வீட்டில் இரண்டு அடுப்பை ஒரே நேரத்தில் போடாமல் முறை வைத்துக்கொள்ளும் பொறுப்பு நம் பிள்ளைகளுடையது. முடிந்தால் அடுப்பை விட ரைஸ் குக்கரைப் பாவியுங்கள், சின்னது 500 வாட் அளவில்தான் இழுக்கும், சோறு வெந்ததும் தானே தணிந்துவிடும்.

கடைக்கு மேலே தங்குமிடம் கொடுக்கும் முதலாளிமாரிடம் நாம் இன்னும் அழுத்தமாகவே கேட்போம். அது வாடகை அறை அல்ல, சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் இடம். இரவில் கீழே ஷட்டரைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. பூட்டிய ஷட்டருக்கு மேலே பத்துப் பேர், ஒரு மல்டி பிளக், ஒரு ஹொட் பிளேட். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சாவி உள்ளே இருப்பவரிடம் இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

'கேட்டால் அறையை விட்டு எழுப்பிவிடுவார்கள், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்' என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. தனியாகக் கேட்டால் அதுதான் நடக்கும். தோட்டத்தில் ஒரு தொழிலாளி தனியாகத் துரையிடம் போய்க் கேட்டு எதை வாங்கியிருக்கிறோம்? ஒரு வீட்டின் ஐந்து அறைக்காரரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் வீட்டுக்காரர் ஐவரையும் ஒரே நாளில் எழுப்பமாட்டார். கடிதத்தின் மாதிரி தமிழிலும் சிங்களத்திலும் சங்கக் காரியாலயத்தில் இருக்கிறது.

மலையிலும் வேலை இருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் உட்பட, எந்தத் திட்டத்தில் எந்த வீடு கட்டினாலும், சமையலறைக்கென்று தனி லைனும் ஒழுங்கான எர்த்தும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்று வீட்டுக் குழுக்கள் எழுதிக் கேளுங்கள். இன்று விறகடுப்பு என்றாலும், நாளை அந்த வீட்டில் மருமகள் கரண்ட் அடுப்பைத்தான் வைப்பாள். சுவர் பூசிய பிறகு கேட்டால் மறுபடியும் அந்தக் கறுப்பு டேப் கதைதான்.

தோட்டத் தலைவர்மாரே, மாதர் அணித் தலைவிமாரே, அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்திலிருந்து கொழும்பில் தங்கியிருப்போரின் பெயர், போன் இலக்கம், அறையா, கடை மாடியா, வேலை வீடா என்ற விவரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விலாசங்களை முதலில் எடுக்கிறோம். நம் உறுப்பினர் குடும்பங்களிலேயே மின்னியல் படித்துச் சான்றிதழ் எடுத்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் இருவராக அவர்கள் போவார்கள். அவர்கள் வரும் அன்று பிள்ளைகள் அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடாமல் இருக்கச் சொல்லி, அம்மாமார் முதல் நாளே ஒரு போன் எடுத்துவிடுங்கள்.